நர்ஸ்களுக்கு ஆர்ட்டிகிள் நடத்தும்போது குடியேற்றத்தைப் பற்றிப் பேசலாமா?

மார்த்தாண்டம் பக்கம் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். அவரிடம் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகக் காத்திருக்கும் நர்ஸ்கள். புத்தகத்தில் இருக்கும் ஆப்பிள், குடை, யானைப் பயிற்சிகளில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். மறுநாள் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஆர்ட்டிகிள்களான 'எ', 'ஆன்', 'தி' மூன்றும் தாறுமாறாக விழுகின்றன. குடியேற்றம், போன இடத்தில் கலந்து வாழ்வது ஆகியவற்றைப் பற்றிய விவாதத்தோடு சேர்த்து ஆர்ட்டிகிளை நடத்தலாமா, அப்படி நடத்தினால் வகுப்பு அரசியல் மேடையாகிவிடுமா என்பது கேள்வி.

தாராளமாக நடத்தலாம் டீச்சர். ஆர்ட்டிகிளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வாரம் முழுக்க விவாதம், நடுவில் கொஞ்சம் இலக்கணம் என்று வைத்தால் இரண்டும் உருப்படாது. எந்த இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்று பார்த்து, அங்கே மட்டும் வகுப்பை நிறுத்த வேண்டும்.

நாகர்கோவிலில் ஒருவர் 'பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு' என்று சொன்னால், ஊர்க்காரருக்கு எது என்று புரிந்துவிடும். திருநெல்வேலிக்குப் போகிற பேச்சு என்றால் வடசேரி, டவுன் பஸ் பேச்சு என்றால் அண்ணா பஸ் ஸ்டாண்ட். வெளியூர்க்காரர்தான் 'எந்த பஸ் ஸ்டாண்ட்?' என்று திருப்பிக் கேட்பார். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது 'தி பஸ் ஸ்டாண்ட்' என்று வரும். நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் வருகிற சொல் அது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விதி, முதல்முறை சொன்னால் 'எ', இரண்டாம் முறை சொன்னால் 'தி' என்பது. அது பாதி தூரம்தான் போகும். பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நர்ஸின் காதில் விழப்போவது 'தி ரோட்டா' (டியூட்டி அட்டவணை), 'தி ஹேண்ட்ஓவர்' (ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது), 'தி கிராஷ் டிராலி' (அவசரச் சிகிச்சைச் சாமான் வண்டி). தங்கும் வீட்டில் 'தி பின்ஸ்' (குப்பைத் தொட்டிகள்), 'தி கவுன்சில்', 'தி லேண்ட்லார்ட்'. எதையும் யாரும் இதற்கு முன் அவளிடம் சொன்னதில்லை, ஆனாலும் 'தி' போட்டுத்தான் பேசுவார்கள். ஒரு வீடு என்றால் அதற்கு உரிமையாளர் இருப்பார், ஒரு வார்டு என்றால் டியூட்டி அட்டவணை இருக்கும் என்று கேட்பவருக்குத் தெரியும் என எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகப் போகிறவருக்குப் பாதி தெரியாது. ஒரு ஊரில் புதியவராக இருப்பது என்றால் என்ன என்ற விவாதத்தை இங்கிருந்தே தொடங்கலாம். இலக்கணமும் கூடவே வந்துவிடும்.

தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்கு அது வராது என்று சொல்லிவிடுவது எளிது. விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள், மலையாளத்திலும் இல்லை. ஆனால் ஆர்ட்டிகிள் செய்யும் வேலையை நாம் வேறு வழியில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 'பாஸ்போர்ட் எடுத்தாச்சா?' என்று மாமா கேட்டால், விண்ணப்பித்துப் புதிதாக வாங்கியாயிற்றா என்று அர்த்தம். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அம்மா 'பாஸ்போர்ட்டை எடுத்தாச்சா?' என்று கேட்டால், பீரோவில் இருந்தது பைக்குள் வந்துவிட்டதா என்று அர்த்தம். முதல் கேள்விக்கு 'எ பாஸ்போர்ட்', இரண்டாவதற்கு 'தி பாஸ்போர்ட்'. 'யுவர் பாஸ்போர்ட்' என்றும் கேட்கலாம்; 'யுவர்' வந்துவிட்டால் 'தி'க்கு அங்கே இடமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், 'தி மை பாஸ்போர்ட்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பாஸ்போர்ட்டை' என்பதில் வருகிற இந்த 'ஐ' உருபுத் தந்திரம் பொருள்களுக்கு மட்டும்தான் ஓரளவு வேலை செய்யும். ஆட்களுக்கு உருபு எப்படியும் வரும்: தெரியாத டாக்டரானாலும் 'டாக்டரைப் பார்த்தேன்'தான். அதனால் இதை விதியாக எழுதிப்போட வேண்டாம், முதல் வகுப்பில் கண்ணைத் திறக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், 'ஒரு'வை அப்படியே 'எ' என்று நினைப்பதால் வரும் தவறு. 'அவர் நர்ஸ்' என்பதில் நாம் 'ஒரு' போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் 'ஐ ஆம் நர்ஸ்' என்று வந்துவிடுகிறது. தொழில் சொல்லும்போது 'எ' கட்டாயம். 'ஐ ஆம் எ நர்ஸ்', 'மை ஹஸ்பெண்ட் இஸ் ஆன் எலக்ட்ரீஷியன்'. இதை நேர்காணல் போல ஆளுக்கு ஆள் கேட்க வைத்து வாயில் பழக்கிவிட்டால் போதும், விளக்கம் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். ஒன்று, 'இமிக்ரன்ட்ஸ் வொர்க் ஹார்ட்.' மற்றது, 'தி இமிக்ரன்ட்ஸ் வொர்க் ஹார்ட்.' முதலாவது உலகத்தில் குடிபெயர்ந்தவர்கள் எல்லாரையும் பற்றிய பொதுப் பேச்சு. இரண்டாவது, நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிற, இன்ன இடத்தில் இருக்கிற குறிப்பிட்ட ஆட்களைப் பற்றியது. 'தி இமிக்ரன்ட்ஸ்' என்று தொடங்கி, யார் என்று சொல்லாமல் விட்டால் கேட்பவருக்கு உறுத்தும். அந்தக் கூட்டம் வேறு, நாம் வேறு என்ற தொனி அதில் ஏறிவிடுகிறது. இது வெறும் என் ஊகம் இல்லை. எரிக் ஆக்டன் என்ற மொழியியலாளர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைப் பேச்சுகளை ஆராய்ந்து 2019இல் எழுதியிருக்கிறார்: தங்கள் கட்சியைப் பற்றிப் பேசுவதைவிட எதிர்க்கட்சியைப் பற்றிப் பேசும்போதுதான் உறுப்பினர்கள் 'தி டெமாக்ரட்ஸ்' என்பதுபோலக் கட்சிப் பெயருக்கு முன்னால் 'தி' போடுவது அதிகம். உள்ளே இருப்பவரைவிட வெளியே நிற்பவர்தான் ஒரு கூட்டத்தை 'தி' போட்டு மொத்தமாகச் சுட்டுகிறார். உங்கள் மாணவிகள் நாளை ஒரு வார்டில் 'தி இந்தியன்ஸ்' என்று கேட்கப்போகிறவர்கள். 'தி இந்தியன்ஸ் ஆன் திஸ் வார்டு' என்றால் ஆட்களைக் குறிக்கிறது, சரி. ஒன்றுமில்லாமல் 'தி இந்தியன்ஸ் ஆர் லைக் தட்' என்றால் அது வேறு. இந்த நுணுக்கம் காதில் விழ ஆரம்பித்துவிட்டால், 'தி' எதற்கு என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அப்புறம், பிரிட்டிஷ், ஐரிஷ் போன்ற சொற்கள் இந்தக் கணக்கில் சேராது. 'தி பிரிட்டிஷ்', 'தி ஐரிஷ்' என்று சொன்னால்தான் அந்த மக்கள் என்ற பொருளே வரும். அதில் தொனி தேட வேண்டாம்.

இமிக்ரேஷன் (குடியேற்றம்), இன்டக்ரேஷன் (கலந்து வாழ்வது) என்ற சொற்களே நல்ல பயிற்சி. பொதுவாகச் சொல்லும்போது இரண்டுக்கும் ஆர்ட்டிகிள் கிடையாது. 'தி இமிக்ரேஷன் இஸ் எ பிக் இஷ்யூ' என்று எழுதுவது நம் பிள்ளைகளின் வழக்கமான தவறு. பெரிய விஷயமாகத் தோன்றினால் 'தி' போட்டு மரியாதை செய்துவிடுகிறார்கள். 'ஆஃப்' சேர்ந்து எல்லை கட்டிவிட்டால் மட்டும் 'தி' வரும்: 'தி இன்டக்ரேஷன் ஆஃப் ஓவர்சீஸ் நர்ஸஸ்'. சொசைட்டி, கல்ச்சர், டிஸ்கிரிமினேஷன் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

விவாதத்துக்கான பாடத்தை லண்டனிலிருந்து தொடங்காதீர்கள். நம் மாவட்டத்தில் இல்லாத குடியேற்றமா? அசாமின் திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வருகிறது. கட்டட வேலையிலும் ஓட்டல் சமையலறையிலும் வடமாநிலத் தொழிலாளர்களை எல்லாரும் தினமும் பார்க்கிறார்கள். கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கியதே இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. இலங்கைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், பார்த்திராத நாட்டுக்கு 'திரும்பி' வந்தார் என்றால் அவர் யார்? எ ரீபேட்ரியட்? ஆன் இமிக்ரன்ட்? எ ரெஃப்யூஜி? 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைக்கோடு நகர்ந்தபோது, வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்காரர் ஆனாரே நம் பாட்டனார், அவர்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது 'எ', 'ஆன்' இரண்டும் தானாக வாயில் புரளும். எமிக்ரன்ட், எக்ஸ்பேட்ரியட், அசைலம் சீக்கர் எல்லாம் 'ஆன்'. மைக்ரன்ட், ரெஃப்யூஜி, ரீபேட்ரியட் எல்லாம் 'எ'.

வகுப்பில் எனக்கு நன்றாக வேலை செய்த ஒரு பயிற்சி உண்டு. முதலில், நம் ஊருக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி மனதில் பட்டதைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். 'தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும்', 'அவர்களுக்குள்ளேயே கூடித் தங்குகிறார்கள்', 'கஷ்டப்பட்டு உழைக்கிறார்கள்', 'சம்பளத்தை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்' என்று வரும். அதை ஆங்கிலத்தில் எழுத வைக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுத்தாக வேண்டும்: எல்லாத் தொழிலாளர்களுமா, நம் தெருவில் இருக்கிறவர்களா, ஒருவரா? 'வொர்க்கர்ஸ்', 'தி வொர்க்கர்ஸ் இன் அவர் ஸ்ட்ரீட்', 'எ வொர்க்கர் ஐ நோ'. முடித்த பிறகு 'வொர்க்கர்ஸ்' இருந்த இடத்தில் 'நர்ஸஸ்' என்றும் 'அவர் ஸ்ட்ரீட்' இருந்த இடத்தில் 'டப்ளின்' என்றும் மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகும், அப்புறம் ஒரே சத்தம்தான். 'எல்லாரும் அப்படி இல்லையே' என்று யாராவது ஒருத்தி கட்டாயம் சொல்வாள். அந்த 'எல்லாரும்' எந்த ஆர்ட்டிகிளில் ஒளிந்திருந்தது என்று பலகையில் காட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சர்ச்சுக்கும் கோவிலுக்கும் உள்ள வேறுபாட்டையும் விடாதீர்கள், நம் மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். 'கோ டு சர்ச்' என்பதில் 'தி' இல்லை. 'கோ டு தி டெம்பிள்', 'கோ டு தி மாஸ்க்' (மசூதி) என்பதில் உண்டு. ஸ்கூல், காலேஜ், பிரிஸன், கோர்ட், பெட் எல்லாம் சர்ச் வகை. அந்த இடத்துக்கான வேலைக்காகவே போகும்போது ஆர்ட்டிகிள் போய்விடும். சர்ச் சுவரில் பெயின்ட் அடிக்கப் போகிறவர் 'தி சர்ச்'சுக்குத்தான் போகிறார். எந்தெந்த நிறுவனங்கள் அந்தச் சமூகத்தின் அன்றாடத்தில் ஊறிப்போயிருந்தனவோ அவற்றுக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் 'கோ டு மாஸ்க்' என்று சொல்வது இப்போது சகஜம். கலந்து வாழ்வது என்றால் வந்தவர்கள் மட்டும் மாறுவதா, மொழியும் சேர்ந்து மாறுமா என்று ஒரு மணி நேரம் பேச இதுவே போதும். தேர்வில் மட்டும் 'தி மாஸ்க்' என்றே எழுதச் சொல்லுங்கள். நர்ஸ்களுக்கு இந்த வகையில் உயிரான சொல் ஹாஸ்பிட்டல். பிரிட்டிஷ் வழக்கில் நோயாளி 'இன் ஹாஸ்பிட்டல்'. அங்கே வேலை செய்கிற நர்ஸ் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. அமெரிக்க வழக்கில் நோயாளிக்கும் 'தி' உண்டு.

பிரிட்டன் விதிகளைப் பாடமாக வைப்பதானால் சுருக்கமாக வையுங்கள். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணிக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தை உடன் கூட்டிப்போக முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. நிரந்தரமாகத் தங்கவும் குடியுரிமை பெறவும் எழுத வேண்டிய 'லைஃப் இன் தி யூகே' தேர்வில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. இவற்றை வைத்து 'எ நியூ ரூல்', 'தி ரூல்', 'எ டெஸ்ட்', 'தி டெஸ்ட்' என்று ஒரு பத்தி எழுத வைக்கலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன; வகுப்புக்கு முந்தின இரவு அரசு இணையதளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பாடமாக வைக்காதீர்கள்.

'எ', 'ஆன்' வேறுபாட்டில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நம் வாயில் எம்.ஆர்.ஐ. 'யெம்மாரை' ஆகிறது, எக்ஸ்ரே 'யெக்ஸ்ரே' ஆகிறது. முன்னால் 'ய' ஒட்டிக்கொண்ட பிறகு காது 'எ'தான் கேட்கும். அதனால் முதலில் உச்சரிப்பைச் சரிசெய்துவிட்டு அப்புறம் விதிக்கு வாருங்கள். ஆன் எம்.ஆர்.ஐ., ஆன் எக்ஸ்ரே, ஆன் இ.சி.ஜி., ஆன் ஓ.இ.டி. ஸ்கோர், ஆன் என்.எச்.எஸ். ஹாஸ்பிட்டல், ஆனால் எ யூகே விசா, எ யூனிவர்சிட்டி, எ ஒன்-இயர் கான்ட்ராக்ட், எ சி.டி. ஸ்கேன்.

ஊர், நாட்டுப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போதும், அதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம். தி யூகே, தி யூ.ஏ.இ., தி கல்ஃப், தி நெதர்லாந்ஸ். அயர்லாந்து, ஜெர்மனி, குவைத், கத்தார், ஓமனுக்கு ஒன்றுமில்லை. நம் கன்னியாகுமரியின் ஆங்கிலப் பெயரான கேப் கொமோரினுக்கு 'தி' கிடையாது, அதன் எதிரே கிடக்கும் இந்தியப் பெருங்கடலுக்கு உண்டு. இந்த ஒன்றைச் சொன்னால் நம் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஓ.இ.டி. கடிதத்தில் ஆர்ட்டிகிள் சிதறுவதற்குப் பெரிய காரணம் கேஸ் நோட்ஸ், அதாவது தேர்வில் கொடுக்கும் நோயாளி பற்றிய குறிப்புகள். அவை தந்தி நடையில் இருக்கும்: 'ரிட்டயர்ட் டீச்சர், லிவ்ஸ் அலோன், ஹிஸ்டரி ஆஃப் ஆஸ்துமா.' 40 நிமிடத்தில் 180 முதல் 200 வார்த்தை எழுத வேண்டிய அவசரத்தில் அதை அப்படியே கடிதத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். 'ஷீ இஸ் எ ரிட்டயர்ட் டீச்சர்', 'ஷீ ஹேஸ் எ ஹிஸ்டரி ஆஃப் ஆஸ்துமா' என்று உடைத்து எழுதுவதைத் தனியாகப் பழக்க வேண்டும். டயபெட்டிஸ், ஆஸ்துமா, ஹைப்பர்டென்ஷன் போன்ற நோய்ப் பெயர்களுக்கு ஆர்ட்டிகிள் இல்லை. எ ஃபீவர், எ ஹெட்ஏக், எ ஸ்ட்ரோக், எ ஹார்ட் அட்டாக் என்பவற்றுக்கு உண்டு. ஆனால் ஒரு விஷயம்: அந்தக் கடிதத்தை ஆறு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள், ஆர்ட்டிகிள் அவற்றில் மொழி என்ற ஒன்றுக்குள்தான் வருகிறது. நோக்கமும் உள்ளடக்கமும் சரியில்லாத கடிதத்தை 'தி' காப்பாற்றாது.

விவாதம் நடக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள். ஒரு பிள்ளை தன் அப்பா கல்ஃபில் கழித்த காலத்தைப் பற்றித் தட்டுத்தடுமாறிப் பேசும்போது 'அங்கே தி போடணும்' என்று குறுக்கிட்டால் அத்தோடு வாயை மூடிவிடுவாள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், அர்த்தம் மாறிப்போன நான்கைந்து வாக்கியங்களை மட்டும் பலகையில் போடுங்கள். மற்றவை போகட்டும். ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்காரர்களுக்கு, சீனர்களானாலும் ரஷ்யர்களானாலும், இது கடைசியாகத்தான் கைவரும். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் விட்டுவிட்டு வரும்.

அரசியல் வருமா என்றால், வரும். கட்சிப் பெயர், மதம், சாதி மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது என் பழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, யாரையும் சொந்தக் கதை சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது. ஏஜென்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்தவள் உங்கள் வகுப்பில் இருப்பாள், விசா மறுக்கப்பட்டு வந்தவளும் இருப்பாள். கற்பனை ஆள் ஒருவரை வைத்தே பேசச் சொல்லுங்கள்: 'எ நர்ஸ் ஃப்ரம் கருங்கல் அரைவ்ஸ் இன் லீட்ஸ்.' அடுத்த வாக்கியத்திலிருந்து அவள் 'தி நர்ஸ்' ஆகிவிடுவாள், வேண்டியவர்கள் தங்கள் கதையை அவள் பெயரில் சொல்லிக்கொள்வார்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்ற பேட்ச் என்றால் இதில் எதையும் தொடாதீர்கள், கேஸ் நோட்ஸை வாக்கியமாக்கும் பயிற்சி மட்டும் போதும். விவாத வகுப்புக்குச் சரியான காலம், தேர்வு முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்கள். அப்போது அவர்களுக்கு மதிப்பெண் கவலை இருக்காது, போகிற இடத்தைப் பற்றிய கவலைதான் இருக்கும். பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாரம் ஒரு மாலை வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்த உங்கள் பழைய மாணவி ஒருத்தியை வீடியோ காலில் பிடித்து, அங்கே காதில் விழும் 'தி'க்களைச் சொல்லச் சொன்னால் பாடப் பொருளும் தயார்.